இருபத்தொரு சிலிண்டர்

சுபஸ்ரீக்குக் கணக்கில் தப்பே வராது என்று அந்தக் கல்லூரி முழுக்கப் பேர். மதிப்பெண் பட்டியலில் கூட்டல் உதைத்தால் வணிகவியல்காரர்கள்கூட வெட்கப்படாமல் இயற்பியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளும் சளைக்காமல் பார்த்துக் கொடுப்பாள். இப்படிப் பேர் எடுத்தவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. அவர்கள் போட்ட கணக்கை வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. போகப்போக அவர்களே சரிபார்ப்பதில்லை.

அவளுக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். காலை எட்டு மணிக்கெல்லாம் ஸ்கூட்டரைக் கிளப்பி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் புகுந்து வெளியே வந்து, கே.கே. நகருக்கும் அப்பால் இருக்கும் கல்லூரிக்கு வந்து சேர்வாள். வேலையில் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. அதில் முழுதாக இரண்டு வருடத்தை மெயின் பில்டிங் மொட்டை மாடியில் சோலார் தகடு போடவைக்கவே செலவழித்திருக்கிறாள். மனுவுக்கு மேல் மனு எழுதி, நிர்வாகத்தாரிடம் செருப்புத் தேய நடந்து, கடைசியில் தகடுகள் மாடி ஏறிய அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு இடைவேளை கிடைத்தால் மாடிக்குப் போய் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். தங்கை பெற்ற குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறவள் மாதிரி இருக்கும் அவள் முகம். இந்தப் பாசம்தான் பிறகு கண்ணை மறைத்தது.

போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் முதல்வர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வரப்போகிறது, வளாகத்திலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள் என்றார்.

"கேன்டீன்ல கேஸ் எரியறதால எவ்ளோ வருது, அதையே கரண்ட்ல சமைச்சா எவ்ளோ வரும். ஒரு ஒப்பீடு போட்டுக் குடுங்க மேடம். உங்களுக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை."

நிஜமாகவே ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் நொந்துபோனாள்.

கேன்டீனைப் பதினான்கு வருடமாக நடத்தியவர் பீமநகர் ஷரபுன்னிசா. கணவர் நசுருதீன் வாசலில் டோக்கன் மேசையில் உட்காருவார். அடுப்படி முழுக்க ஷரபுன்னிசாவின் ராஜ்ஜியம். தக்காளிச் சாதத்துக்குப் பன்னிரண்டு மணிக்கே வரிசை நிற்கும். விடுதியில் ஏதாவது ஒரு பெண் காய்ச்சல் என்று படுத்தால், யாரும் சொல்லாமலே மிளகு ரசம் மாடி ஏறும். சுபஸ்ரீ அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இவளுக்கு வெங்காயம் அதிகம் போட்டால் ஆகாது என்பது வரை அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு சுபஸ்ரீ அடுப்படி வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே போகவில்லை. கையில் பேனாவும் படிவமும் இருந்தன, அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கப்போகிறது.

"அக்கா, இந்த மாசம் எத்தனை சிலிண்டர் ஆச்சு?"

ஷரபுன்னிசா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். சிலிண்டர் மாற்றுகிற தேதிகளில் பென்சிலால் கோடு போட்டு வைப்பது அவர் வழக்கம். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தொண்ணு டீச்சர். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா ஒரு ரிப்போர்ட்டுக்குக்கா" என்று எழுதிக்கொண்டு சுபஸ்ரீ திரும்பி நடந்துவிட்டாள்.

ஒரு பெரிய சிலிண்டரில் பத்தொன்பது கிலோ கேஸ். ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோ கரியமில வாயு. ஆக, சிலிண்டருக்கு ஐம்பத்தேழு கிலோ. இருபத்தொன்றால் பெருக்கினால் மாதம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்குப் பதினான்கு டன்னுக்கு மேல். கேஸ் என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினாள். மின்சாரம் என்ற தலைப்புக்கு வந்ததும் அவளுக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. மாடியில்தான் அவள் தகடுகள் வெயில் காய்கின்றனவே. சூரிய மின்சாரம் என்று எழுதி, எதிரே ஒரு பூஜ்யம் போட்டாள்.

படமாகவும் வரைந்து கொடுத்தாள். ஒரு பக்கம் நெடுநெடுவென்று சிவப்புப் பட்டை, இன்னொரு பக்கம் வெறும் தரை. முதல்வர் அசந்துபோனார். அதைப் பெரிதாக அச்சடித்து, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக அறிவிப்புப் பலகையிலும், ஏதோ ஞாபகத்தில் கேன்டீன் கதவிலும் ஒட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் கேன்டீன் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, மின்சார அடுப்பு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. அவ்வளவு பெரிய மின்சார அடுப்புகளுக்கு ஷரபுன்னிசா எங்கே போவார். வெளியூர்க்காரர் ஒருவர் பளபளக்கும் அடுப்புகளோடு வந்து கேன்டீனை எடுத்துக்கொண்டார்.

கடைசி நாளன்று ஷரபுன்னிசா அடுப்படித் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நேரே இயற்பியல் துறை வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சர், அந்தப் படத்துல போட்டிருக்கறது நெசமா? நம்ம அடுப்புலேருந்து அவ்ளோ போகுதா?"

"ஆமாக்கா. கணக்கு அப்படித்தான் வருது."

"தெரியாமப் போச்சு டீச்சர். பதினாலு வருஷமா தெரியாமயே பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் கைதவறிப் போட்டு உடைத்தவர் போல் கூசிப்போய்ச் சொன்னார். சுபஸ்ரீக்கு மனம் கனத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதோடு நிற்காமல், எவ்வளவு பக்குவமான மனுஷி என்று வியந்து, அதற்குப் பிறகு மூன்று கருத்தரங்குகளில் இதை உதாரணமாக வேறு சொல்லிவிட்டாள். படிக்காத ஒரு பெண்மணிகூட உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார் என்று பேசினாள். கைதட்டினார்கள். அந்த மூன்று கைதட்டலும் இப்போது நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

இந்த ஜூலையில்தான் குட்டு உடைந்தது. முதலாண்டு மாணவிகளை மாடிக்கு அழைத்துப்போய்த் தகடுகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் கேட்டாள், கேன்டீன் அடுப்பும் இதில்தான் ஓடுகிறதா மேம் என்று. ஆமாம் என்று சுபஸ்ரீ பெருமையாகச் சொன்னாள். கல்லூரி எலக்ட்ரீஷியன் டோனி அப்போது ஓரமாக நின்று குழாய் வைத்துத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தினார். பிள்ளைகள் எல்லோரும் படியிறங்கும் வரை காத்திருந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கேன்டீனுக்கு இந்த லைன் போகலை."

"போகலைன்னா?"

"அது தனி சர்வீஸு மேடம். அந்தக் காலத்துலயே வெளி ஆளுங்க நடத்தறதுன்னு தனியா ஈபி லைன் வாங்கி, தனி மீட்டர் போட்டுட்டாங்க. இது மெயின் பில்டிங்குக்கு மட்டுந்தான். கம்ப்யூட்டர் லேப்ல ஏசி போட்டதுலேருந்து இதுக்கே பத்தலை. பகல்லயே வெளியிலேருந்து இழுக்குது."

சுபஸ்ரீ தகடுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் டோனி, இதை என்கிட்ட அப்பவே சொல்லலை?"

"படம் ஒட்டினப்ப பாத்தேன் மேடம். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் புரியலைன்னு நெனச்சுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவரோடு போய்ப் பார்த்தாள். கேன்டீன் பின்சுவரில், துரு ஏறிய ஒரு இரும்புப் பெட்டிக்குள் அந்த மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்தில் அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. டோனி தன் பாக்கெட் நோட்டைப் புரட்டி, ரீடிங்குகளைப் பார்த்துச் சொன்னார். மாதத்துக்கு ஆயிரத்து எழுநூறு யூனிட் போகிறது.

துறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டாள். ஈபி லைனில் வருவது எங்கேயோ நிலக்கரி எரிந்து வருகிற மின்சாரம்தான் பெரும்பாலும். யூனிட் ஒன்றுக்கு எழுநூறு கிராமுக்குச் சற்று மேலாகக் கரியமில வாயு. புகை கேன்டீனில் கிளம்பாமல் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் கிளம்புகிறது, அவ்வளவுதான். ஆயிரத்து எழுநூறால் பெருக்கினாள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோ வந்தது. பூஜ்யம் போட்ட இடத்தில் ஆயிரத்து இருநூறு. எதிர்ப்பக்கத்தில் ஷரபுன்னிசாவின் இருபத்தொரு சிலிண்டருக்கும் அதே ஆயிரத்து இருநூறு.

சமம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை, காற்றுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று மனம் மெல்லச் சமாதானம் பேச ஆரம்பித்தது. அதே நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டு அடுப்படியில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு எப்போதும்போல் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் படம் வரைந்தவள் தன் வீட்டு அடுப்பை மாற்றவில்லை. மாமியாருக்குப் பழக்கமில்லை என்று ஒரு நொண்டிச் சாக்கு கைவசம் இருந்தது. ஷரபுன்னிசாவுக்கு அப்படி ஒரு சாக்கைச் சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே திருத்திய கணக்கோடு முதல்வர் அறைக்குப் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆக, ரெண்டும் சமம்னுதானே வருது?"

"ஆமா சார். ஆனா நாம பூஜ்யம்னு போட்டுத்தான் அவங்கள அனுப்பினோம். இதை எழுத்துல திருத்தணும். அவங்களைக் கூப்பிட்டு..."

"மேடம், குழு வந்து பாத்துட்டுப் போயாச்சு. வாசல்ல பசுமை வளாகம்னு போர்டு வெச்சாச்சு. கேன்டீன் மூணு வருஷ ஒப்பந்தம். சமம்னா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? அடுத்த தடவை குழு வர்றப்ப திருத்திக்கலாம். காகிதத்தை வெச்சுட்டுப் போங்க."

வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு என்ற பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு கணம் நிம்மதியாக இருந்ததென்னவோ உண்மை. தன்னால் ஆனதைச் சொல்லிவிட்டோம் என்ற அரைகுறை நிம்மதி. அது வந்ததற்காக அப்புறம் வெட்கமாக இருந்தது. கேன்டீனைத் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியாது. குறைந்தபட்சம் ஷரபுன்னிசாவிடம், உங்கள் அடுப்பு ஒன்றும் ஊரைக் கெடுக்கவில்லை என்றாவது நேரில் சொல்லிவிட வேண்டும். அவர் தலையில் ஏற்றிய பழியை இறக்கி வைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை தொட்டியத்தில் ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாக்கும் அகப்படவில்லை. ஆப்பிள் நாலு வாங்கிக்கொண்டு பீமநகருக்குப் போனாள். பாலத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சந்துக்குள் மூன்றாவது வீடு. நசுருதீன்தான் கதவைத் திறந்தார். டோக்கன் மேசையில் எல்லோரையும் வம்புக்கு இழுத்துச் சிரிக்கிற மனுஷன், அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"வாங்க மேடம். உக்காருங்க. அவ உள்ளதான் இருக்கா."

ஷரபுன்னிசா முன்கட்டுத் தரையில் விரித்த துணியில் சமோசா மடித்துக்கொண்டிருந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கிற டீக்கடைகளுக்கு இப்போது சமோசா மடித்துக் கொடுக்கிறாராம். மாவுக் கையோடு எழுந்து வந்து, முழங்கையால் அவள் தோளைத் தொட்டார்.

"வாங்க டீச்சர். எளச்சுப் போயிட்டீங்களே. ஸ்ரீரங்கத்துலேருந்தா வர்றீங்க இந்த வெயில்ல? இருங்க, டீ போடறேன்."

அடுப்படி அங்கிருந்தே தெரிந்தது. மேடைமேல் ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு இருந்தது. கேஸ் அடுப்பைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் ஏற்றியிருந்தார்கள்.

"கேஸ் தீந்துடுச்சாக்கா?"

"கேஸை விட்டுட்டோம் டீச்சர். நீங்க படம் போட்டுக் காமிச்சப்புறம் மனசு கேக்கலை. கேன்டீன்ல பண்ணினதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுலயாவது நிறுத்திக்குவோம்னு சொல்லிட்டேன்."

"கரண்ட் போனா அன்னைக்கு எனக்கு டீ கெடையாது மேடம்" என்றார் நசுருதீன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பாலத்தில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் உதவவில்லை. டீயைக் கையில் வாங்கியதும் சுபஸ்ரீ நேரடியாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நான் போட்ட கணக்கு தப்பு."

ஷரபுன்னிசா ஒரு சமோசாவை மடித்து ஓரத்தில் மாவுப் பசை தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சுபஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னாள். மாடியில் இருக்கும் தகடுகளுக்கும் கேன்டீனுக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும், டோனி சொன்னதையும், மின்சார அடுப்புக்கு வருகிற கரண்ட் நிலக்கரி எரிந்து வருகிறது என்பதையும் சொன்னாள். தான் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்காமல், பூஜ்யம் போட்டுவிட்டதைச் சொன்னாள். முதல்வர் சொன்னதை மட்டும் பூசி மெழுகிச் சொன்னாள்.

"ரெண்டும் சமம்தாங்க்கா. உங்க இருபத்தொரு சிலிண்டரும், இப்ப அவங்க எரிக்கற கரண்ட்டும் காத்துக்கு ஒண்ணுதான். உங்க அடுப்பால கூடுதலா ஒரு கெடுதலும் வரலை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சுக்கங்க."

முதலில் பேசியவர் நசுருதீன்தான்.

"இருபத்தொண்ணா? நமக்கு ஏது மேடம் இருபத்தொண்ணு? எந்த மாசமும் பன்னெண்டு தாண்டாதே. நாந்தானே இறக்கி வெப்பேன்."

சுபஸ்ரீ ஷரபுன்னிசாவைப் பார்த்தாள்.

"அது நோன்பு மாசம்ங்க" என்றார் ஷரபுன்னிசா கணவரிடம். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நீங்க வந்து கேட்டது நோன்பு முடியப்போற நேரம் டீச்சர். இந்த மாசம் எத்தனைன்னு கேட்டீங்க. கஞ்சிக்கு ஆனதையும் சேத்துத்தானே கோடு போட்டிருந்தேன், அப்படியே எண்ணிச் சொல்லிட்டேன். பொய் சொல்லக்கூடாதுல்ல நோன்பு வெச்சுக்கிட்டு."

அப்போதுதான் சுபஸ்ரீக்கு அந்தக் கஞ்சி நினைவுக்கு வந்தது. ரமலான் மாதத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனில் ஷரபுன்னிசா நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். பழைய முதல்வர் காலத்திலேயே அதற்கு அனுமதி உண்டு. சிலிண்டர் அவருடையது, அரிசி அவருடையது. விடுதியில் நோன்பு வைக்கிற பிள்ளைகளுக்கு, அவர் தெருப் பள்ளிவாசலுக்கு, சந்தில் தூக்கோடு வந்து நிற்கிற எல்லோருக்கும் அது போகும். நாள் ஒன்றுக்கு முந்நூறு பேராவது குடிப்பார்கள். சைவக்காரர்களுக்கென்று கறி போடாமல் ஒரு பானை தனியாகக் கொதிக்கும். அந்தப் பானையிலிருந்து நாலு மணிக்கு ஒரு சின்னத் தூக்கு இயற்பியல் துறைக்கு வரும். வீட்டுக்குக் கொண்டுபோனால் மாமியார் முகம் சுளிப்பார் என்று, சுபஸ்ரீ அதை ஸ்டாஃப் ரூமிலேயே ஊதி ஊதிக் குடித்துவிட்டு, தூக்கைக் கழுவித் திருப்பி அனுப்புவாள். இருபத்தொன்று என்று எழுதிய அன்றைக்கும் குடித்திருக்கிறாள். குடித்துவிட்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறாள். வருடத்தில் ஒரு மாதம் கொடுத்த தர்மத்தைப் பன்னிரண்டு மாதப் பாவமாக எழுதி, படம் வரைந்து, அவர் கதவிலேயே ஒட்டவைத்திருக்கிறாள்.

பன்னிரண்டு சிலிண்டர் என்றால் அறுநூற்று எண்பது கிலோ. மின்சாரத்துக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல். அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

"சமம் இல்லக்கா" என்றாள். "சமமே இல்ல. உங்க அடுப்புலேருந்து போனது இப்ப போறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான். நீங்க சமைச்சப்பதான் கம்மி. உங்கள அனுப்பிட்டு நாங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆக்கியிருக்கோம்."

நசுருதீன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். ஷரபுன்னிசாவின் கை மட்டும் மடிப்பதை நிறுத்தியது.

"ஒம்பது சிலிண்டர் டீச்சர்" என்றார் மெதுவாக. "கஞ்சிக்கு ஒம்பது. அது எனக்குத் தெரியும். அந்தப் படத்துல செவப்பா ஒசரமா நின்னுச்சுல்ல, அதுல பாதிக்குப் பாதி கஞ்சிதானேன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். நன்மைன்னு நெனச்சுக் கொடுக்கறோம், அதுலேருந்து போற பொகை யார் வீட்டுப் புள்ளைக்கோ கெடுதல் பண்ணுதுன்னா அது எப்படி நன்மையாகும்? நோன்பாளிக்குக் கொடுக்கறது சுத்தமா இருக்கணும்ல."

சுபஸ்ரீக்கு அடுத்து வரப்போவது புரிந்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இந்த வருஷம்?"

"காய்ச்சலை."

"கேன்டீன் இல்லைன்னா என்ன, வீட்டு வாசல்லயே அடுப்பு வெச்சுக் காய்ச்சலாம்னு நான் சொன்னேன் மேடம்" என்றார் நசுருதீன் திரும்பாமலே. "சிலிண்டரும் வாங்கி வெச்சேன். இவ வேணாம்னுட்டா. டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க, தெரிஞ்சும் செய்யறது தப்புன்னு சொல்லிட்டா. மொத மூணு நாளு தூக்கைக் கொண்டுக்கிட்டு ஜனங்க வந்து நின்னாங்க. என்னான்னு சொல்றது? கேன்டீன் போனதுல கைய சுருக்கிக்கிட்டாங்கன்னு பேசிக்கிட்டுப் போனாங்க."

"எதுத்த வீட்டு ரெங்கம்மா இன்னும் மூஞ்சி கொடுத்துப் பேசலை" என்றார் ஷரபுன்னிசா. "பல்லு இல்லாத ஜீவன். சாயங்காலம் ஆனா அந்தக் கஞ்சிதான் அதுக்கு ராச்சாப்பாடு. கேஸு, பொகைன்னு சொன்னா அதுக்கு என்ன தெரியும்? எனக்கு மனசில்லைன்னு நெனச்சுக்கிச்சு."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. கேன்டீன் பறிபோனதற்குச் சொல்ல சுபஸ்ரீயிடம் வார்த்தை இருந்தது. இதற்கு இல்லை.

நசுருதீன் மேசையிலிருந்து ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

"எழுதிக் குடுங்க மேடம். நம்ம அடுப்பு தப்பில்லைன்னு. பள்ளிவாசல்ல காமிக்கணும். தெருவுலயும் காமிக்கணும். அன்னைக்குக் கதவுல ஒட்டினீங்கல்ல, அந்த மாதிரி பெரிசா எழுதுங்க."

அவள் எழுதினாள். கேஸ் என்று ஒரு பக்கம், கரண்ட் என்று ஒரு பக்கம். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். கஞ்சிக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பானை, எத்தனை பேர். எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார்த்தால் ஒரு ஆள் கஞ்சிக்கு அறுபது கிராம் வந்தது. அறுபது கிராம். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு தடவை ஸ்கூட்டரில் போனால் விடுகிற புகையில் எட்டு பேர் கஞ்சி குடித்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் அப்படிப் போய்க்கொண்டுதான், பசுமையைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அதையும் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, கல்லூரியின் பெயரையும் எழுதினாள். அதற்காக முதல்வர் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும் என்றிருந்தது.

ஷரபுன்னிசா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். எழுத்துக்கூட்டி, வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். அறுபது கிராம் என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. கேன்டீன் திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. இதை ஏன் அன்றைக்கே சரியாகப் போடவில்லை என்றும் கேட்கவில்லை.

"அப்ப இந்த நோன்புக்கு நான் காய்ச்சியிருக்கலாம்ல, டீச்சர்?"

அடுத்த நோன்பு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள் சுபஸ்ரீ. அவர் கேட்டது அதை அல்ல.

"காய்ச்சியிருக்கலாம்க்கா" என்றாள்.